சும்மா பாட்டிலில் வந்த பாதரசம்

புகைபோக்கி ஆடும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கடல்காற்று வந்து ஒரு தள்ளு தள்ளியதும் அந்த மாபெரும் கான்கிரீட் தூண் கொஞ்சம் போய், யோசித்து, திரும்பி வரும். மேலே மனிதன் நிற்பதற்கென்று சுற்றிலும் கம்பி கட்டிவிட்டிருக்கும் இரும்புத் தளத்தில் நின்றவனுக்குத்தான் அது தெரியும். உடம்பு திரும்பி வந்துவிடும், வயிறு மட்டும் போன இடத்திலேயே நின்றுவிடும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி நாற்பது நாள். ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். கல்மண்டபத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறைகளில் ஒரு பரிசோதனைக்கூடம், அதில் எனக்கு வேலை. நடத்தியவர் என்னைவிட எட்டு வயது மூத்த ஒரு பெண். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள், ராயபுரத்து மாதா கோயில் தெருவில் பிறந்து வேதியியலில் முனைவர் பட்டம் வரை போனவர். கருத்தரங்கில் ஆங்கிலத்தில் விளாசிவிட்டு, வெளியே வந்ததும் அதே வாயால் "இன்னாடா, டீ வாங்கினியா இல்லியா?" என்பவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

அக்காவுக்கு ஒரு பித்து இருந்தது. நிலக்கரியில் துளியிலும் துளியாகப் பாதரசம் உண்டு. கரி எரிந்தால் அது ஆவியாகிவிடும். சாம்பலைப் பிடிக்க மின்நிலையத்தில் மின்சாரத் தகடுகள் இருக்கின்றன, சாம்பல் போய் ஒட்டிக்கொள்ளும். பாதரச ஆவியோ டிக்கெட் எடுக்காத பயணி மாதிரி நழுவி, புகைபோக்கி வழியாக ஊர்மேல் போய், மழையோடு இறங்கி, கழிமுகச் சேற்றில் உருமாறி, மீனுக்குள் ஏறிக்கொள்ளும். அந்த மீனை நாம் குழம்பு வைப்போம். வெளிநாடுகளில் தகடுகளுக்கு முன்னால் புகைக்குள் ஒரு விசேஷக் கரித்தூளை ஊதிப் பார்க்கிறார்கள் என்று அக்கா எங்கோ படித்திருந்தார். தூளின் நுண்துளைகளில் பாதரசம் போய் உட்கார்ந்துகொள்ளும், தூள் சாம்பலோடு சேர்ந்து விழுந்துவிடும். ஆனால் அந்தத் தூள் யானை விலை.

"கரித்தூள்தானே? நம்மூர்ல கொட்டாங்குச்சிக்கா பஞ்சம்?" என்றார் அக்கா.

சிரட்டையைச் சுட்டு, நீராவி காட்டி, மாவாக அரைத்து மூட்டை மூட்டையாகச் சேர்த்துவிட்டார். இரண்டு வருடம் அலைந்து எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையம் ஒன்றில் ஐந்து நாள் அனுமதியும் வாங்கிவிட்டார். முதல் மூன்று நாள் தூள் இல்லாமல் புகையை அளக்கவேண்டும், அடுத்த இரண்டு நாள் தூளை ஊதிவிட்டு அளக்கவேண்டும். ஆறாம் நாள் அந்த யூனிட்டைப் பராமரிப்புக்கு நிறுத்திவிடுவார்கள். கையெழுத்துப் போட்ட அதிகாரியும் அந்த மாதமே ஓய்வு பெறுகிறார். அக்காவின் இரண்டு வருடமும் அந்த ஐந்து நாளில் தொங்கியது.

கீழே ஊதுகுழாய் அக்காவின் பொறுப்பு. மேலே ஏறிப் புகையை உறிஞ்சிப் பிடிப்பது என் பொறுப்பு. நடுவில் கப்பி போட்டுக் கயிறு இழுக்க எண்ணூர்க் குப்பத்து ஆள் ஒருவர் இருந்தார், ஐம்பதைத் தாண்டிய மீனவர், நான் அண்ணாத்தே என்பேன். குப்பிகளைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டும் என்பதால் அவர்தான் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவருவார். முதல் நாள் ஒரு கட்டிக்குள் ஒரு நெத்திலி உறைந்திருந்தது. அதைத் தேடிக் காக்கைகள் புகைபோக்கி உச்சிவரை கூடவே பறந்து வந்தன.

கண்ணாடிக் குப்பிகளில் பெர்மாங்கனேட் கரைசல், அசல் கத்தரிப்பூ நிறம். புகை அதற்குள் குமிழி விட்டுக்கொண்டு போகும், பாதரசம் அதில் தங்கும். ஒரே ஒரு குப்பிக்கு மட்டும் புகை கிடையாது. மற்றவற்றோடு மேலே போகும், திறக்கும், மூடும், இறங்கும். அதில் ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தால், மற்றக் குப்பிகளில் இருக்கும் பாதரசமும் புகையிலிருந்து வந்ததா நம் கையிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது, அளந்ததெல்லாம் குப்பை.

"வேல செய்யாம மேல போயி காத்து வாங்கிட்டு வர்றான். இவன் பேரு சும்மா பாட்டிலு" என்றார் அண்ணாத்தே. பெயர் நிலைத்துவிட்டது. அக்காவே குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதினார்.

இப்போது ரசமணிக்கு வருகிறேன், காப்புக்காக உடம்பில் கட்டிக்கொள்வார்களே அந்த மணி.

எனக்கு உயரம் ஆகாது. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதுகூடக் கைப்பிடிச்சுவர்ப் பக்கம் போகாதவன் நான் என்பதை என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். புகைபோக்கி ஏறப் போகிறேன் என்றதும் பதறி, திருவொற்றியூர் கோயில் தெருவில் விசாரித்து ஒரு ரசமணி வாங்கிவந்தாள். கோலிக்குண்டில் பாதி அளவு, ஈயத்தின் நிறம், கை வைத்தால் சில்லென்று ஒரு கனம். கறுப்புக் கயிற்றில் கோத்து என் அரைஞாணோடு முடிந்தாள்.

"சித்தருங்க கட்டனது. மலையிலேர்ந்து வுழுந்தாலும் ஒண்ணும் ஆவாதாம்."

"நான் ஏறப்போறது மலை இல்லியே."

"மலைக்கே ஆவாதுன்னா இதுக்கு ஆவுமா? பேசாம நில்லுங்க, முடிச்சு நழுவுது."

புது மனைவி இடுப்பில் கயிறு முடியும்போது எந்த வேதியியல் பட்டதாரி எதிர்த்துப் பேசுவான்? ஒன்று சொல்கிறேன், சத்தியம்: அது வேலை செய்தது. ஏணியின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சட்டைக்குள் கைவிட்டு, மணியை இரண்டு விரலால் உருட்டுவேன். மூச்சு சீராகும். அடுத்த திருப்பம். அப்புறம் அடுத்தது. உச்சித் தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கடைசியாக ஒரு உருட்டு உருட்டிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, குப்பிகளைத் திறப்பேன். ஒரு பக்கம் கடல், கப்பல்கள், உப்பளத்தின் சதுரங்கள். மறுபக்கம் சாம்பல் ஏரி, வளைந்து வளைந்து கழிமுகம், தெற்கே ராயபுரம்வரை மங்கிக்கொண்டு போகும் கூரைகள். பயம் போன இடத்தில் ஒரு கிறுகிறுப்பு வந்து குடியேறியது. பாட்டுக்கூடப் பாடினேன். கயிற்றின் மறுமுனையிலிருந்து அண்ணாத்தே கத்துவார்: "நைனா, பாட்ட நிறுத்து! காக்கா பயந்துகினு போவுது!"

அளக்கும் கருவி கல்மண்டபத்தில் இருந்தது. கீழே மில் ஓடத் தொடங்கினால் தரை அதிர்ந்து முள் நடுங்கும். அதனால் முந்தின நாள் குப்பிகளை மறுநாள் காலை ஆறு மணிக்கு, மில் திறப்பதற்கு முன் அளந்துவிடுவோம். இரண்டாம் நாள் காலை அக்கா முதலில் சும்மா பாட்டிலை வைத்தார். முள் அசையாமல் கிடந்திருக்கவேண்டும். எழுந்து நடந்தே போனது.

"இன்னாடா இது, பேஜாரா கீது?"

அமிலத்தைச் சந்தேகப்பட்டார். புது அமிலம் உடைத்தார். ஐஸைச் சந்தேகப்பட்டார். அண்ணாத்தேவுக்குக் கோபம் வந்துவிட்டது: "அந்த ஐஸுலதான் ஊருக்கே மீன் போவுது. எங்க ஐஸ கலீஜ்னு சொல்லாத, சொல்லிட்டேன்!" பிறகு அக்கா தன் வாயையே சந்தேகப்பட்டார். கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்திருந்தார், அதில் பாதரசம் உண்டு. அன்று முழுக்க வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு சைகையிலேயே எங்களைத் திட்டினார். என்னிடமும் கேட்டார்: பல் அடைத்திருக்கிறாயா? வீட்டில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழல் உடைந்ததா? இல்லை அக்கா, இல்லை அக்கா. நேர்மையாகத்தான் சொன்னேன். பாதரசம் என்பது வேலையைச் சேர்ந்தது, ரசமணி என்பது சாமியைச் சேர்ந்தது. ஒரே தலைக்குள் இரண்டுக்கும் தனித்தனி அலமாரி, நடுவில் கதவே இல்லை. இன்றைக்கு எழுதும்போது சிரிப்பு வருகிறது.

மூன்றாம் நாள் காலையும் முள் நடந்தது. அன்று அக்கா தானே ஏறினார், கிரேன் ஓட்டியவரின் மகள் அல்லவா, பூனை மாதிரி போனார். சும்மா பாட்டில் இரண்டு வைத்தோம். ஒன்றை மேலேயே அவர் திறந்து அவரே மூடினார். இன்னொன்றைக் கீழே நான் திறந்து மூடினேன். புகைக் குப்பிகள் கயிற்றில் இறங்கி என் கைக்கு வந்தன, நான்தான் வேறு பாட்டிலுக்கு ஊற்றி மூடினேன்.

நான்காம் நாள் விடியற்காலை. நான் குளித்துவிட்டு நிற்கிறேன். மனைவி பழைய கயிறு நைந்துவிட்டதென்று புதுக் கயிற்றில் மணியைக் கோத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா யாரோ அவள் வாங்கியது போலி என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் கோபத்தில் முணுமுணுத்தாள்.

"டூப்ளிகேட்டாம், டூப்ளிகேட்டு! கடைக்காரரு சாமி படத்து மேல அடிச்சு சொன்னாரு, அத்தினியும் சுத்தமான பாதரசம்னு."

சுத்தமான பாதரசம்.

அலமாரிகளுக்கு நடுவில் கதவு திறந்தது என்று சொல்லமுடியாது. சுவரே இடிந்தது. கால் தரையில்தான் இருந்தது, ஆனால் புகைபோக்கி உச்சியில்கூட எனக்கு அப்படித் தலை சுற்றியதில்லை. பாதரசத்தைப் பிடிக்கப் போகிறவன் மூன்று நாளாக இடுப்பில் பாதரசத்தைக் கட்டிக்கொண்டு, அதை உருட்டிய விரலாலேயே கையுறை மாட்டி, அந்தக் கையாலேயே குப்பி குப்பியாகத் திறந்திருக்கிறேன். மணியைப் பிடுங்கி ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி, மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தேன். "இன்னாங்க, இன்னா ஆச்சு? அத்த கட்டாம ஏறுவீங்களா?" என்று அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். சாயங்காலம் சொல்கிறேன் என்று ஓடிவிட்டேன்.

கல்மண்டபம் போனால் அக்கா குதித்துக்கொண்டிருந்தார். "கண்டுபுட்சிட்டேன்டா! மேல தொறந்த பாட்டில் சுத்தம். கீழ தொறந்ததுதான் கலீஜ். கீழ பறக்கற சாம்பல் தூசிதான்டா காரணம்! உன் சட்டையில ஒட்டிகினு மேலயும் வந்திருக்கு. இன்னிக்கு பிளாஸ்டிக் கூடாரம் கட்டிடலாம். முதல் மூணு நாள் கணக்குல கொஞ்சம் கழிச்சிக்கலாம். இன்னிக்கே கரித்தூள ஊதறோம்!"

சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தூள் மூட்டைகளை வேனில் ஏற்றத் தொடங்கினேன். ஏனென்றால் அப்போதுதான் இரண்டாவது விஷயம் உறைத்தது. மணியைக் கழற்றியாயிற்று. நான் பேசாமல் இருந்தால் இன்றும் நாளையும் குப்பிகளில் பாதரசத்தின் அளவு மளமளவென்று குறையும். கொட்டாங்குச்சித் தூள் அற்புதம் செய்துவிட்டதென்று அக்கா கூத்தாடுவார், அறிக்கை எழுதுவார், ஊரெல்லாம் காட்டுவார். அதில் பெரும்பங்கு என் இடுப்பு செய்த அற்புதமாக இருக்கும். யாருக்கும் தெரியாது. என் வேலையும் தப்பும். அவருக்கும் சந்தோஷம்! என்ன சுலபம்!

வேனில் முன்சீட்டில் அக்கா, பின்னால் தூள் மூட்டைகள்மேல் நானும் அண்ணாத்தேவும். அக்கா மாதா கோயில் பாட்டை விசிலடித்துக்கொண்டு வந்தார். டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகள் நெரித்துக்கொண்டு நின்றன, வேன் அசையவில்லை. அந்த விசில்தான் என்னைக் கொன்றது. அவ்வளவு சந்தோஷமான ஒரு விசிலைப் பொய்க்குத் தின்னக் கொடுக்க மனம் வரவில்லை.

"அக்கா, சாம்பல் இல்ல. நான்."

"இன்னாது நீ?"

"இடுப்புல ரசமணி கட்டியிருந்தேன். மூணு நாளும்."

விசில் நின்றது. முன்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அக்கா மெதுவாகத் திரும்பி என் இடுப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி இடுப்பைப் பார்த்தார்.

"டேய் கஸ்மாலம்! பாதரசத்த புட்சிகினு வாடான்னு அனுப்பினா, பாதரசத்த கட்டிகினு போனியாடா? நான் என் பல்ல புடுங்கிக்கலாம்னு நெனச்சேனே, படுபாவி!" கையில் இருந்த குறிப்பேட்டால் என்னை அடித்தார், நான்கைந்து அடி. பிறகு அடிக்கும் கை தளர்ந்து, தோள் குலுங்கி, அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, மூச்சு முட்ட, சீட்டில் சரிந்து சிரித்தார். வேன் ஓட்டியவரும் சிரித்தார். அண்ணாத்தே மட்டும் சிரிக்கவில்லை.

"என் ஐஸ கலீஜ்னு சொன்னீங்கல்ல? மன்னிப்பு கேளுங்க, ரெண்டு பேரும்."

கேட்டோம். ஐஸிடமே கேட்டோம். சிரிப்பு அடங்கியதும் அக்கா விரலை மடக்கினார். மூன்று நாள் போயிற்று. மிச்சம் இரண்டு. இன்று தூள் இல்லாமல் ஒரு நாள், நாளை தூளோடு ஒரு நாள். "ரெண்டு நாளும் ஒரே ஆளு கைதான் இருக்கணும். நாளைக்கு ஊதுகுழாய வுட்டுட்டு நான் வரமுடியாது. நீதான் ஏறணும். அந்த மணி இல்லாம. ஏறுவியா?"

ஏறுவேன் என்றேன்.

மின்நிலையக் குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று முறை குளிக்கவைத்தார்கள். அரைஞாண் முதல் என் துணி எல்லாவற்றையும் பையில் கட்டி ஓரம் வைத்தார் அக்கா. அண்ணாத்தே வேலை முடிந்து வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக வைத்திருந்த மாற்றுச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் எனக்கு. கால்சட்டையில் என்னைப்போல் இன்னொருவன் நுழையலாம். வலை பின்னும் நைலான் கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார், அதன்மேல் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டினார். மீன் வாசனை ஆளைத் தூக்கியது.

"அக்கா, மீன்லயும் பாதரசம் உண்டுன்னு நீங்கதானே..."

"நாத்தத்துல இல்ல. ஏறு!"

முதல் திருப்பத்தில் கை தானாகச் சட்டைக்குள் போனது, ஒன்றும் இல்லை. இரண்டாம் திருப்பத்தில் ஏணிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மூன்றாவதில் நின்றுவிட்டேன். மேலேயும் போகமுடியாது, கீழேயும் இறங்கமுடியாது, காற்று வந்து கால்சட்டையை பலூனாக்கி விளையாடுகிறது. கீழே அக்காவின் முகம் ஒரு பொட்டு. அண்ணாத்தேதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்: "நைனா! பாட்ட எட்த்து வுடு! காக்கா எல்லாம் காத்துகினு கீது!"

பாடினேன். கத்தினேன் என்பதுதான் சரி. சுருதி, தாளம், வெட்கம் எல்லாவற்றையும் மூன்றாம் திருப்பத்திலேயே விட்டுவிட்டு, வரி மறந்த இடத்தில் லாலலா போட்டு, ஒரு திருப்பத்துக்கு ஒரு சரணமாக ஏறினேன். உச்சித் தளத்தில் புகைபோக்கி ஆடியது. நானும் கூட ஆடினேன், அதோடு சேர்ந்து, அது போகும் பக்கமே வயிற்றையும் அனுப்பிவிட்டு. பயம் போகவில்லை. பயத்துக்குப் பக்கத்தில் என்னவோ ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டியது. கத்தரிப்பூக் குப்பிகள் குமிழிவிட்டன. சும்மா பாட்டிலைத் திறந்து, மூச்சைப் பிடித்து, மூடினேன்.

மறுநாளும் அப்படியே. கீழே ஊதுகுழாய் உறுமியது. தலை முதல் கால்வரை கறுப்பாகிப்போன அக்கா, பல் மட்டும் தெரிய மேலே பார்த்துக் கையசைத்தார். தூள் உள்ளே போகிறது என்பது மேலே எப்படியும் தெரியாது. புகை அதே புகைதான். ஆனாலும் நான் அதை உற்று உற்றுப் பார்த்தேன்.

ஆறாம் நாள் காலை ஆறு மணி. இரண்டு நாளையும் ஒரே மூச்சில் ஒப்பிடுவதற்காக அக்கா நான்காம் நாள் குப்பிகளையும் அளக்காமல் வைத்திருந்தார். முதலில் நான்காம் நாளின் சும்மா பாட்டில். முள் படுத்துக் கிடந்தது. ஐந்தாம் நாளின் சும்மா பாட்டில். படுத்தே கிடந்தது. ஒன்றுமே நடக்காத அந்தக் காட்சியைப்போல் அழகான ஒன்றை நான் பிறகு பார்த்ததில்லை. அக்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். பிறகு தூள் இல்லாத நாளின் குப்பிகள், முள் ஏறி ஓரிடத்தில் நின்றது. பிறகு தூள் ஊதிய நாளின் குப்பிகள். முள் ஏறியது, ஏறியது, முந்தின இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. மறுபடி வைத்தார். அதே இடம். இன்னொரு முறை. அதே.

என் மணி கலந்த முதல் மூன்று நாள் எண்களைப் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தார். அவற்றோடு ஒப்பிட்டால் முள் மலையிலிருந்து விழுந்த மாதிரி விழுந்திருக்கும். நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார்.

"வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் இன்னிக்கு பெரிய ஆளுடா."

"தெரியும் அக்கா."

அந்த மூன்று நாள் எண்களின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே இரண்டு எண்களை மட்டும் பேனாவால் எழுதினார். ஒரு நாளை மட்டும் வைத்துச் சொல்வதால் இன்னும் பார்க்கவேண்டும் என்று ஒரு வரியும் எழுதினார். அந்த அறிக்கை போய்ச் சேர்ந்தது, எந்த அலமாரியில் தூங்கியது என்று தெரியவில்லை, தூளை யாரும் வாங்கவில்லை. அதெல்லாம் பிறகு. அன்று காலை அக்கா அந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம்தான்," என்றார். "ஆனா இத்த கொட்டாங்குச்சிதான்டா புட்சுது. வேற யாரும் இல்ல."

"நேத்து தூள் ஊதன நாலு மணி நேரத்துல எவ்ளோ பாதரசம் ஊர் மேல போவாம நின்னிருக்கும் அக்கா?"

காகிதத்தில் பெருக்கினார், வகுத்தார், கண்ணைச் சுருக்கினார். "கொசுவோட கண்ணு இருக்குல்ல? அதுல பாதி."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கொசுவின் கண்ணில் பாதி! அக்கா மேஜையைத் தட்டினார், நான் எழுந்து நின்றுவிட்டேன், பிறகு எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். முந்தின நாள் கரி இன்னும் முழுக்கப் போகாத அவர் முகத்தில் சிரிப்பு காதுவரை போய்க்கொண்டிருந்தது. கொசுவின் கண்ணில் பாதி, எண்ணூர்க் கழிமுகத்துக்குள் விழாமல்!